கையெழுத்து இல்லன்னா அமெரிக்காவுல கான்ட்ராக்ட்டே இல்லையா?

"அமெரிக்காவுல எழுதி கையெழுத்து போடலன்னா எந்த ஒப்பந்தமும் செல்லாது"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, தப்புங்க. வாயால பேசினதும் கான்ட்ராக்ட்தான், ஏன் பேசவே வேணாம், சலூன் சேர்ல உக்காந்து முடி வெட்டிக்கிட்டாலே காசு தரேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். நிலம் விக்கிறது, ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கவே முடியாத வேலை, பெரும்பாலான மாநிலங்கள்ல 500 டாலரும் அதுக்கு மேலயும் போற பொருள் விற்பனை, இந்த மாதிரி சிலதுக்குத்தான் எழுத்து வேணும் (அதுலயும் விதிவிலக்கு உண்டு).

அந்த எழுத்தும் முறையான பத்திரத்துலதான் இருக்கணும்னு இல்ல. 1952ல வர்ஜீனியாவுல ஒருத்தர் தண்ணி அடிச்சிட்டே பேசி, 50,000 டாலருக்கு பண்ணைய விக்கிறேன்னு ஓட்டல் பில்லு பின்னாடி எழுதி, பொண்டாட்டியும் கையெழுத்து போட்டாச்சு, அப்புறம் சும்மா வெளாட்டுக்குன்னு சொல்லிப் பாத்தார், 1954ல மாநில உச்ச நீதிமன்றம் செல்லும்னுடுச்சு.