கைட்டை 'கீட்' என்று வாசித்த பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டாம் வகுப்பு. பக்கத்தின் மேல் பாதியில் ஷார்ட் வவல், கீழ்ப் பாதியில் லாங் வவல். மேலே 'கிட்', 'பிட்' என்று சரியாக வாசித்தாள். கீழே அதே சொற்களின் கடைசியில் ஆங்கில ஈ சேர்ந்திருந்தது. 'கைட்', 'பைட்' என்று வாசிக்க வேண்டியதை 'கீட்', 'பீட்' என்றாள். வகுப்பிலும் இப்படி வாசித்துத்தான் திட்டு வாங்கியிருக்கிறாள்.

"ஷார்ட்னா குறில், லாங்னா நெடில்னு மிஸ் சொன்னாங்க மாமா. கிட்டை இழுத்தா கீட்தானே?"

எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்த விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றிய பிள்ளைக்குத் திட்டு விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தின் லாங், ஷார்ட்டை நம்முடைய நெடில், குறிலோடு ஒட்டிவைத்து நடத்துவதை நாம் நிறுத்த வேண்டும். பெற்றோர், ஆசிரியர், டியூஷன் எடுப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயம் தெரிந்தால் அந்தப் பிள்ளை மேல் இன்னும் மரியாதை வரும். 1350 வாக்கில் லண்டனில் இருந்தவர்கள் 'கைட்' என்ற சொல்லை ஏறக்குறைய 'கீட்டெ' என்றுதான் சொன்னார்கள். அப்போது அது ஒரு வகைப் பருந்தின் பெயர். பட்டத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. இன்றைய 'டைம்' அன்று 'டீமெ'. 'நேம்' அன்று 'நாமெ'. 'ஹவுஸ்' அன்று 'ஹூஸ்'. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் லாங் என்றால் உண்மையிலேயே நெடில்தான், இழுத்துச் சொல்வதுதான். நாம் இன்று சைலன்ட் என்று சொல்லும் கடைசி ஈ-க்கும் மெல்லிய 'எ' போல ஓர் ஒலி இருந்தது.

அப்புறம் 1400-க்குப் பிறகு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் நெடில் ஒலிகள் எல்லாம் இடம் மாறின. ஈ மெல்ல மெல்ல ஐ ஆனது. ஏ, ஈ-யின் இடத்துக்கு ஏறியது. ஆ, ஏய் பக்கம் போனது. ஊ, அவ் ஆனது. ஓ, ஊ ஆனது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் என்ற மொழியறிஞர்தான் இதைப் பெரும் உயிரொலி மாற்றம் என்று பெயரிட்டு விளக்கினார். குறில்கள் அவ்வளவாக நகரவில்லை. அதனால் 'கிட்' அப்படியே நிற்க, அதன் ஜோடி மட்டும் 'கைட்' ஆகிவிட்டது. இதற்கு நடுவில் 1476-ல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிவிட்டார். வாய் மாறிக்கொண்டே இருக்க, எழுத்து அச்சில் இறுக ஆரம்பித்தது. கடைசி ஈ-யின் ஒலியும் போய், எழுத்து மட்டும் மிஞ்சியது.

இதைச் சொல்லாமல் குறில், நெடில் என்று பிள்ளையிடம் சொன்னால் எங்கெல்லாம் இடிக்கும் என்று பாருங்கள். பூனைக்கு ஆங்கிலத்தில் வருவது ஷார்ட் ஏ. நாம் எழுதுவதோ 'கேட்', நெடில். வாசல் கதவுக்கு வருவது லாங் ஏ. அதையும் 'கேட்' என்றே எழுதுகிறோம். 'ஆபீஸ்' என்ற சொல்லின் இரண்டு உயிரும் ஆங்கிலத்தில் ஷார்ட். தமிழில் இரண்டுமே நெடில். 'டாக்டர்', 'காலேஜ்', 'காபி' எல்லாம் இந்த வகைதான். இது தமிழின் குறையும் இல்லை, நம் வாயின் குறையும் இல்லை. அந்த ஒலிகள் நம்மிடம் இல்லாததால் கிட்டத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டோம்.

உச்சரிக்கும் நேரக் கணக்கும் அங்கே வேறு. நமக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருக்கைக்குச் சொல்லும் 'சீட்', விதைக்குச் சொல்லும் 'சீட்' இரண்டையும் ஓர் ஆங்கிலேயர் சொல்லிக் கேளுங்கள். விதையில் ஈ நன்றாக நீளும், இருக்கையில் சட்டென்று முடிந்துவிடும். இரண்டும் ஒரே உயிர்தான். பின்னால் வரும் மெய்யை வைத்து நீளம் மாறுகிறது. 'ஷிப்', 'ஷீப்' இரண்டுக்கும் நடுவிலும் நீளத்தைவிட நாக்கு நிற்கும் இடம்தான் பெரிய வித்தியாசம்.

நம் எழுத்திலும் இப்படி ஒரு குழப்பம் இருந்ததை மறந்துவிடுகிறோம். எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப் போகும், குறிலா நெடிலா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். இன்று நாம் எழுதும் ஏ, ஓ 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்று சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு திருத்தம் நிலைக்கவில்லை, அதன் சுமை இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

நான் அவளுக்கு வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். லாங் வவல் என்றால் அந்த எழுத்து தன் பெயரையே சொல்கிறது. 'கேக்', 'கைட்', 'ஹோம்'. அதற்குப் பெயரொலி என்று வைத்துக்கொள். கடைசியில் சும்மா நிற்கும் ஈ, 'முன்னால் இருப்பவரைப் பெயர் சொல்ல விடு' என்று கை காட்டும் ஆள். பத்து நிமிஷத்தில் பக்கம் முழுக்கச் சரியாக வாசித்துவிட்டாள். இரட்டை ஓ வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். 'ஃபூட்', 'குட்', 'பிளட்' மூன்றும் ஒரு காலத்தில் ஒரே ஓ-வாக இருந்தவை, மூன்றும் வேறு வேறு சமயத்தில் வேறு வேறு பக்கம் போய்விட்டன என்றேன். "ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் நோட்டை மூடப் போனவள் நிறுத்தி, "அப்ப 'கிவ்', 'ஹேவ்' ரெண்டுலயும் ஈ நிக்குதே, ஏன் பேர் சொல்லல?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் வி எழுத்தோடு சொல்லை முடிக்கும் பழக்கம் இல்லை, அதனால் ஈ அங்கே துணைக்கு நிற்கிறது, கை காட்டும் வேலை அதற்கு இல்லை என்றேன். பென்சிலை எடுத்து அந்த இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில் 'துணை' என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள்.