"அந்த ஊர்ல என்ன இருக்கு?"

முந்தாநாள் செயின்ட் லூயிஸ் படங்களைப் போட்டேன். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அதற்குக் கீழே நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அந்த ஊர்ல என்னம்மா இருக்கு, ரெண்டு ராத்திரி தங்குற அளவுக்கு?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நாற்பது பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தீர்கள். அதில் பத்துப் பேராவது என் கல்யாணத்துக்கு வந்தவர்கள். அடுத்து ஒருவர், "லீவை வீணாக்கிட்டீங்க, நியூயார்க் போயிருக்கலாம்" என்றார். இன்னொருவர், "அது துப்பாக்கியால சுடுற ஊராச்சே, உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் யோசிச்சிருக்க வேண்டாமா?" என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் மரியாதையாகத்தான் பதில் போட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த ஊரில் கால் வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே இதுதான். பார்க்காத ஊரைப் பற்றி "என்ன இருக்கு" என்று எப்படிக் கேட்க முடிகிறது?

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். என் கணவருக்கு டல்லாஸில் வேலை. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, சிகாகோவிலிருந்து நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். செயின்ட் லூயிஸ் சுமார் 300 மைல், ஐந்து மணி நேரம். முன்பு இரண்டு முறை அந்த வழியாகப் போயிருக்கிறோம். இரண்டு முறையும் பாலத்தில் போகும்போதே, அந்த ஊரின் அடையாளமான கேட்வே ஆர்ச் என்ற பெரிய எஃகு வளைவைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்விட்டோம். இந்த முறை அவர்தான், "ரெண்டு நாள் நின்னு பார்ப்போமே" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகாமல், நாங்கள் இருவர் மட்டும் ஊர் பார்த்தது இதுதான் முதல் தடவை. உங்கள் சிரிப்புக் குறி போய் விழுந்த இடம் அது.

வளைவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறீர்கள். உயரம் 630 அடி. தரையில் இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள அகலமும் அதே 630 அடி. வரைந்தவர் ஈரோ சாரினென். 1961-ல் அவர் இறந்துபோனார், கட்ட ஆரம்பித்தது 1963-ல். தான் வரைந்தது எழும்பி நின்றதை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு கால்களையும் தனித்தனியாக எழுப்பிக்கொண்டே போய், 1965 அக்டோபர் 28 அன்று உச்சியில் கடைசித் துண்டைப் பொருத்தினார்கள். காலை வெயிலில் தெற்குக் காலின் எஃகு விரிந்துவிடும் என்பதால், தீயணைப்புக் குழாயால் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைத்திருக்கிறார்கள். அத்தனை உயரத்தில் நடந்த வேலையில் ஒரு தொழிலாளிகூடச் சாகவில்லை. மேலே போகும் பெட்டி ஐந்து பேர் உட்காரும் ஒரு சின்னக் கூண்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். என் கணவருக்கு மூடிய இடம் ஆகாது. அந்த நாலு நிமிடமும் என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடியே இருந்தார். உச்சியில் சின்ன ஜன்னல்தான், குப்புறப் படுத்துப் பார்ப்பது மாதிரி சாய்ந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறு பக்கம் பழைய நீதிமன்றத்தின் குவிமாடம்.

அந்த நீதிமன்ற வாசலில் ஒரு சிலை இருக்கிறது. ஒரு கணவன், ஒரு மனைவி, கைகோத்து வளைவைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ட்ரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட். இருவரும் அடிமைகள். தங்களுக்கு விடுதலை வேண்டும் என்று 1846-ல் அங்கே வழக்குப் போட்டார்கள். 1847-ல் தோற்றார்கள், 1850-ல் ஜெயித்தார்கள், மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. 1857-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது என்று தீர்ப்பு எழுதியது. அந்தத் தீர்ப்பு இந்த நாட்டை உள்நாட்டுப் போர் வரை தள்ளியதில் பெரிய பங்கு வகித்தது. அதே வருடம் அவர்களுக்கு வேறு வழியில் விடுதலை கிடைத்தது, அடுத்த வருடமே ட்ரெட் இறந்துவிட்டார். பதினோரு வருடம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய ஊர் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களா?

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரி போதும். ஃபாரஸ்ட் பூங்காவுக்குள் இருக்கும் விலங்குக் காட்சிசாலை, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வரியில் நடத்துகிறார்கள். நியூயார்க்கில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசு எங்களுக்கு அங்கே ஒரு நாளைக்குத் தாராளமாகப் போதுமானது.

அடுத்தது "சுடுற ஊர்". இதற்கு ஒரு வரி போதாது.

ஊரில் குற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கொலை எண்ணிக்கையும் உண்மை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு அழுததும் உண்மை. ஆனால் 1876-லேயே செயின்ட் லூயிஸ் நகரம் தன்னைச் சுற்றியிருந்த மாவட்டத்திலிருந்து பிரிந்துவிட்டது. புறநகர்கள் எதுவும் நகரக் கணக்கில் வராது. மற்ற பல ஊர்களில் அமைதியான புறநகர்ப் பகுதிகளும் நகர எல்லைக்குள் வந்து சராசரியைக் குறைக்கும். இங்கே அது நடக்காது. கொலைப் பட்டியலில் முதலிடம் என்று படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் இதையும் படித்திருக்கலாம்.

"டெல்மாருக்கு வடக்கே போகாதீங்க" என்று விடுதியில் தங்கியிருந்த நம்ம ஊர்க்காரர் ஒருவரும் சொன்னார். டெல்மார் ஒரு தெரு. அதற்குத் தெற்கே பெரும்பாலும் வெள்ளையர்கள், வடக்கே பெரும்பாலும் கறுப்பர்கள். நாங்கள் போனோம். பகலில், காரில்தான் போனோம், அதை மறைக்கவில்லை. கூரை விழுந்த செங்கல் வீடுகளைப் பார்த்தோம். அடுத்த வீட்டிலேயே திண்ணையில் ரோஜாத்தொட்டி வைத்து ஒரு பாட்டி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். லபாடி அவென்யூவில் ஒரு சாதாரண இரண்டு மாடி வீடு, அதைப் பார்க்கத்தான் போனோம். 1945-ல் ஜே.டி. ஷெல்லி, எத்தல் ஷெல்லி என்ற கறுப்பினத் தம்பதி அதை வாங்கினார்கள். கறுப்பர்களும் "மங்கோலிய இனத்தவரும்", அதாவது ஆசியாக்காரர்களும், அங்கே குடியிருக்கக் கூடாது என்று பழைய பத்திரத்தில் எழுதியிருந்தது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட பத்திரங்களை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு டெக்சாஸில் நாலு படுக்கையறை வீடு வாங்கிப் பால் காய்ச்சிப் படம் போடுகிறீர்களே, அந்தக் கதவைத் தட்டியவர்களில் இந்த இரண்டு பேரும் உண்டு. டெல்மாருக்கு வடக்கே. போகக் கூடாது என்று எங்களுக்குச் சொன்ன பக்கம்.

அந்த வீட்டின் படத்தை நான் போடவில்லை. அது குடியிருப்பு வீடு.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று ஒரு தோழி தனியாகக் கேட்டாள். சொந்த விஷயமாக எடுத்துக்கொள்கிறாய் என்கிறாள். எடுத்துக்கொள்கிறேன்தான். நான் அருப்புக்கோட்டைக்காரி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காரிலிருந்து இறங்கிய ஒரு அத்தை தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்கட்டில் தறி ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. அத்தைக்குக் கேட்கவில்லை. நாற்பது வருடம் நெய்த மனிதர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லீங்க, உள்ள வாங்க" என்றார். அந்த "ஒண்ணும் இல்லீங்க" இன்னும் என் காதில் இருக்கிறது. தன் வாயாலேயே அதைச் சொல்ல வைத்துவிட்டார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஊர்க் கதையைப் படியுங்கள். செயின்ட் லூயிஸுக்கு மேட்டு நகரம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடுகள் அங்கே நிறைய இருந்தன. வெறும் மண்தானே என்று வெட்டி எடுத்தார்கள், பெரிய மேடு 1869-ல் போனது. வளைவு நிற்கிற ஆற்றங்கரையில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்புவதற்காக சுமார் நாற்பது தெருத்தொகுதிகளை இடித்தார்கள். 1959-ல் மில் கிரீக் பள்ளத்தாக்கு என்ற கறுப்பர் குடியிருப்பை இடித்து, சுமார் 20,000 பேரை வெளியேற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே குடியிருக்காத யாரோ பார்த்து, இங்கே ஒன்றும் இல்லை என்றுதான் முடிவு செய்திருக்கிறார். 1950-ல் எட்டரை லட்சம் பேர் இருந்த ஊரில் இப்போது மூன்று லட்சத்துக்கும் குறைவுதான். நீங்கள் விளையாட்டாகக் கேட்டீர்கள், தெரியும். விளையாட்டாகக் கேட்டாலும் அது அதே கேள்விதான்.

"ஒரு கமெண்டுக்கு இவ்வளவா?" என்பீர்கள். ஆமாம், இவ்வளவுதான். அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

கிளம்பும் நாள் காலையில் ஆற்றைக் கடந்து இல்லினாய் பக்கம் கஹோக்கியா போனோம். வெட்டாமல் விட்ட மேடுகள் அங்கே இருக்கின்றன. பெரியது சுமார் நூறு அடி உயரம். ஆயிரம் வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு நகரமே இருந்திருக்கிறது, 1982-லிருந்து அது யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. படியேறி உச்சிக்குப் போனால் தூரத்தில் வளைவு ஒரு கொலுசுத் துண்டு போலத் தெரிந்தது. எங்களைத் தவிர மேலே ஒரு வயதான தம்பதி மட்டும். அவர்கள்தான் எங்களைச் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நீங்கள் சிரித்தது அந்தப் படத்துக்கு.

இதைத் துல்சாவில் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் அதே படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இவ்வளவு மண்ணையும் எதுலம்மா சுமந்தாங்க?"

"கூடையிலப்பா. மாடு, குதிரை எதுவும் கிடையாது. மனுஷங்கதான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பக்கத்துல இருந்து எடுத்த படம் இருந்தா அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டேன்.