ராஃபர் ஆல்ஸ்டனை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

"தெருவுல ராஜா, என்பிஏவுல சுமார்தான்." தெருக்களத்தில் ஆடிப் பெயர் எடுத்து, என்பிஏ என்ற அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக் வரை போன ராஃபர் ஆல்ஸ்டன் பேச்சு வந்தாலே யாராவது இப்படிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மங்கலான அந்தப் பழைய வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேனோ. ஒல்லியான பையன் ஒருவன், ஆல்ஸ்டன்தான், பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறான். தடுக்க நிற்பவன் குனிந்து தயாராகிறான். சட்டென்று இவன் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி காலை மாற்றி மாற்றித் துள்ளுகிறான். பந்து மட்டும் கையை விட்டு விலகுவதே இல்லை. காலைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா என்று அவன் திகைத்து நிற்பதற்குள் இவன் தாண்டிப் போயாயிற்று. அந்தத் துள்ளலுக்காகத்தான் 'ஸ்கிப் டு மை லூ' என்று ஒரு குழந்தைப் பாட்டின் பெயர் விழுந்தது; ஸ்கிப் என்றால் துள்ளுவது. நியூயார்க் ஹார்லெமின் 155ஆவது தெருவில் இருக்கிற ரக்கர் பார்க் என்ற தெருக் கூடைப்பந்துக் களத்தில் பட்டப்பெயரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது. மைக் பிடித்து வர்ணனை செய்பவர் வாயிலிருந்து வர வேண்டும், கூட்டம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த வீடியோவை ஆண்ட்1 என்ற ஷூ கம்பெனிக்குக் கொடுத்தவர் அவருடைய பள்ளிப் பயிற்சியாளர். கம்பெனி அதைப் பாட்டோடு வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கில் கேசட் போட்டது. பையன்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள்.

தெருவில் பெயர் எடுத்த எல்லோரும் கரை சேர்ந்துவிடவில்லை. 'தி கோட்' என்று அழைக்கப்பட்ட ஏர்ல் மேனிகால்ட்டைத்தான் தான் பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரர் என்று என்பிஏ ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பாரே சொன்னார். ஹெராயின் அவரை விழுங்கியது. என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 1998இல் 53 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் இறந்த அடுத்த மாதமே என்பிஏ அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆல்ஸ்டனை மில்வாக்கி பக்ஸ் அணி 39ஆவது தேர்வாக எடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் தாண்டி வந்த தூரம் எனக்குப் புரிகிறது.

எடுத்தார்களே தவிர, ஆடவிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே வருடங்கள் போயின. நடுவில் சின்ன லீக்குக்கும் இறங்கிப் போய் ஆடினார். கூட்டமே எழுந்து நின்று கத்திய துள்ளலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நேரம் பார்த்துப் பாஸ் கொடுக்கிற, பந்தை இழக்காத பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவராக, தன்னை மாற்றிக்கொண்டார். கைதட்டல் வாங்கிப் பழகிய ஒருவனுக்கு அது லேசான காரியமா? எனக்கு அந்தத் துள்ளலைவிட இதுதான் பெரிய வித்தை.

2008இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 22 ஆட்டங்கள் ஜெயித்தபோது பந்தைக் கொண்டுபோனவர் இவர்தான். 12 வெற்றி ஆனதும் அந்த அணியின் நட்சத்திரம் யாவ் மிங் காலில் அடிபட்டு வெளியே போனார். எல்லாம் முடிந்தது என்றார்கள். அதற்குமேல் இன்னும் 10 ஜெயித்தார்கள்.

அடுத்த வருடம் ஆர்லாண்டோ அணியின் பாயின்ட் கார்ட் ஜமீர் நெல்சனுக்குத் தோளில் அடி. அந்த இடத்தை நிரப்பத்தான் ஆல்ஸ்டனைக் கூப்பிட்டார்கள். அணியை இறுதிப்போட்டித் தொடர் வரை கொண்டுபோனார். அங்கே போனதும், நான்கு மாதமாக ஆடாத நெல்சனைத் திரும்ப இறக்கி இவருடைய நிமிடங்களைப் பிரித்தார்கள். அந்த முடிவு தப்பு என்று இன்றும் சொல்வேன். முதல் இரண்டு ஆட்டங்களில் ஆல்ஸ்டன் எறிந்த பந்து கூடையில் சரியாக விழவில்லை, எதிரணியான லேக்கர்ஸ் இரண்டையும் ஜெயித்தது.

மூன்றாவது ஆட்டம், 2009 ஜூன் 9. 12 முறை எறிந்து 8 முறை கூடையில் போட்டார். மொத்தம் 20 புள்ளிகள். 108-104. இறுதிப்போட்டியில் ஆர்லாண்டோ ஜெயித்த முதல் ஆட்டமே அதுதான்.

தொடரைத் தோற்றார்கள், உண்மைதான். ஆனால் ஆடுகளத்தில் ஓடி ஓடி ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு, 11 சீசன் அந்த லீக்கில் நின்றவரை 'சுமார்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.