1755க்கு முன்பே தொடங்கிய மாற்றம்

இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் குடியேறிய பிரெஞ்சு வம்சாவளியினரான அகாடியர்களின் வாழ்க்கை, 1755இல் பிரிட்டிஷார் அவர்களை நாடுகடத்தும் வரை மாறவேயில்லை என்று அவர்களைப் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதைப் பாதிதான் ஏற்க முடிகிறது. 1713 உட்ரெக்ட் ஒப்பந்தத்தால் நோவா ஸ்கோஷியா பிரிட்டன் வசமான பிறகும், ஃபண்டி விரிகுடாவின் சதுப்பில் மண்கரை எழுப்பி, ஓதம் வடிகையில் மழைநீரை வெளியே விட்டு, ஏறுகையில் தானே மூடிக்கொள்ளும் மரமதகை அதனடியில் பதித்து, உப்பு நீங்கச் சில ஆண்டுகள் காத்திருந்து கோதுமை விதைத்த அவர்களது உழவுமுறை மாறவில்லை என்பது உண்மையே. ஆனால் கத்தோலிக்கர்களான அவர்களுக்கு ஆளுநரின் ஆலோசனைச் சபையில் இடமில்லை. ஊரார் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அன்றைய தலைநகரான அன்னாபொலிஸ் ராயலுக்குப் போய் ஆணைகளைக் கேட்டுவந்து சொல்ல வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் கோட்டையான லூயிபூருக்கு மாடுகளைக் கொண்டுபோய் விற்பதும் குற்றமாயிற்று. எல்லாவற்றையும்விட, பிரிட்டிஷ் மன்னருக்கு உண்மையாயிருப்பதாக எடுக்க வேண்டிய விசுவாசப் பிரமாணம் அவர்களை விடாது துரத்தியது. பிரிட்டனுக்காக ஆயுதம் ஏந்த வேண்டியதில்லை என்ற வாய்மொழி உறுதியை நம்பி 1730இல் பிரமாணம் எடுத்தவர்களிடம், 1749இல் ஹாலிஃபாக்ஸை நிறுவிய ஆளுநர் கார்ன்வாலிஸ் நிபந்தனையற்ற பிரமாணத்தைக் கேட்டார். எழுத்தில் வாங்காத வாக்குறுதிக்கு ஆட்சியாளர்கள் தந்த மதிப்பு அவ்வளவுதான். நாடுகடத்தலுக்குப் பின் அந்த நிலங்களில் குடியேறிய நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு உடைந்த கரைகளைச் செப்பனிடத் தெரியாததால், சிறைபிடிக்கப்பட்ட அகாடியர்களையே கூலிக்கு அமர்த்தினார்கள் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.