வெள்ளத்தை வரையச் சொல்லாதீர்கள்

பெருமழையோ புயலோ ஓய்ந்த சில வாரங்களில் சென்னையில் தவறாமல் நடக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட பகுதிக் குழந்தைகளைப் பள்ளி வளாகத்தில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு வரைதாளும் கிரேயான் பெட்டியும் கொடுத்து, "நீங்கள் பார்த்த வெள்ளத்தை வரையுங்கள்" என்பார்கள். மாலையில் பரிசளிப்பு, குழுப்படம், மறுநாள் முகநூல் பதிவு. நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கழுத்தளவு தண்ணீரில் தூக்கிவரப்பட்ட பிள்ளையிடம் அந்த இரவை மீண்டும் வரையச் சொல்லி, அதற்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று தரம் பிரிப்பதை எந்த வகையில் ஆறுதல் என்று சொல்வது? நேர்ந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைக்கும் முறையைப் பெரியவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

இந்தக் குழந்தைகள் யார் என்பதிலும் நமக்குத் தெளிவில்லை. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த குடும்பங்கள் பல சென்னையின் தென்புறமுள்ள செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பலர் அருகிலுள்ள பெரும்பாக்கத்தின் அரசு அடுக்குமாடிகளுக்கும் அனுப்பப்பட்டனர். (அங்கேயும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்பது தனிக் கொடுமை.) அந்த அடுக்குமாடிகளுக்குச் சற்றுத் தள்ளி, கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பிகார் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றன. 2019இல் ஃபானி புயலைக் கண்ட ஒடிசாக் கடற்கரையிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருக்கலாம். ஊரை விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு திட்டம், வெள்ளத்தில் தப்பிய பிள்ளைக்கு வேறொரு திட்டம் என்று கோப்புகளில் பிரித்துவைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகளும் வீட்டை இழந்தவர்கள்தாம். அவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் முறை.

அப்படி உட்கார வைத்த ஒரு சனிக்கிழமை வகுப்பை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று களிமண் வேலை. முன்பு பெற்றோருடன் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் இருந்த ஒடியாச் சிறுவனுக்குத் தமிழ் அரைகுறை. வழக்கமாக மூலையில் ஒதுங்கி இருப்பவன். ஆனால் மண்ணுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், எந்தப் பதத்தில் பிசைவதை நிறுத்த வேண்டும் என்பது அங்கே அவன் ஒருவனுக்கே தெரிந்திருந்தது. சிறிது நேரத்தில் மற்ற பிள்ளைகள் தங்கள் மண்ணை அவனிடம் நீட்டத் தொடங்கினார்கள். கூவம் கரையில் பிறந்த ஒரு சிறுமி வீட்டையும் செய்யவில்லை, தண்ணீரையும் செய்யவில்லை. லாரியில் இடமில்லாமல் விட்டுவந்த ஆயாவின் கிரைண்டரைச் செய்தாள். குழவி சரியாக நிற்கவில்லை என்று அவனோடு சண்டை வேறு. யாரும் அவளிடம் கதை கேட்கவில்லை. கிரைண்டரைப் பற்றி அவளே சொன்னாள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸும் துயரத்தை வரையுங்கள் என்று பாடம் நடத்தவில்லை. கோடு, நிறம், கத்தரித்து ஒட்டுதல் என்று தொழிலைக் கற்பித்தார். எண்ணாகிப்போன குழந்தைகளைத் தங்கள் ஓவியங்களில் பெயரெழுத வைத்தார். 1944இல் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார், அவருடைய மாணவர்களில் மிகப் பலரும் அவ்வாறே. அவர் பெட்டிகளில் ஒளித்துவைத்த சுமார் 4,500 ஓவியங்கள் மிஞ்சின. கலை எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மாதக்கணக்கில் தூங்காத, பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைக்குத் தேவை மருத்துவர். 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது.

2020 வாக்கில், இதேபோல் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் சென்னைக் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன, அழகாகவே இருக்கின்றன. என்றாலும் சுவருக்குச் செலவழிக்கும் ஊக்கம் வாரந்தோறும் வரும் ஓர் ஆசிரியருக்குச் செலவழிப்பதில் நமக்கு இருப்பதில்லை. ஆளுக்கும் பஞ்சமில்லை. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு நியமிக்கப்பட்டார்கள்; பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் போராடியவர்கள். அவர்களில் ஓவிய ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் முழுச் சம்பளமும் கொடுத்து, பெரும்பாக்கம், செம்மஞ்சேரிப் பள்ளிகளில் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வகுப்பு நடத்தச் சொல்லலாம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே தொடங்கினால், வெள்ளம் வந்தபின் புதுமுகங்கள் யாரும் கிரேயான் பெட்டியோடு ஓடிவர வேண்டியிருக்காது.