முதல்நாளே சொல்லிவைத்த பகற்சாப்பாடு

கடந்த ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வாவியோரமாக இருக்கும் ஒரு சிறிய விடுதிக்குப் பகற்சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவர்கள் எழும்பும்போது நான்கு மணியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மச்சான் கேட்ட முதற் கேள்வி, "அவ்வளவு நேரம் சுணக்கிப் போட்டானுகளா?" என்பதுதான். ஒருவரும் சுணக்கவில்லை, எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தது என்று அவருக்கு விளங்கப்படுத்த முயன்று தோற்றதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

என் கருத்து சிறியது. ஆறுதலாக இருந்து சாப்பிட விரும்பி வருபவர்களுக்கு நாட்டுப்புறத்து விடுதியொன்று செய்யக்கூடிய முதல் உபகாரம், சாப்பாடு எத்தனை மணிக்கு மேசைக்கு வரும் என்பதை உள்ளபடி சொல்லிவிடுவதாகும். காட்சி, காற்று, கதிரையின் மெத்தை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதன் மறுபக்கத்தைச் சென்ற ஆண்டு அனுபவித்தோம். கடற்கரையோரமாக உள்ள, இந்த விடுதியைப் போல் நான்கு மடங்கு பெரிய ஒரு ஹோட்டல் அது. மினுங்கும் உறையிட்ட பன்னிரண்டு பக்க மெனுவைக் கையில் தந்தார்கள். நண்டு கேட்டோம், "அது இண்டைக்கு இல்ல சேர்" என்றார் பரிமாற வந்த தம்பி. இறாலும் இல்லை, கணவாயும் இல்லை. பக்கம் பக்கமாகப் பின்வாங்கி, கடைசியில் மட்டக்களப்பின் எந்தச் சந்தியிலும் கிடைக்கக்கூடிய பிறைட் றைசிலும் டெவல் சிக்கனிலும் வந்து நின்றோம். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு "அஞ்சு நிமிசம்" என்றார். அதன் பிறகு "இந்தா வருது" என்றார், மூன்று தடவை. சாப்பாடு வந்தபோது ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் கழிந்திருந்தன. நேரம் போனதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. ஐம்பது மீற்றர் தூரத்தில் கடல் இருந்தும், எந்த நிமிடமும் கோப்பை வந்துவிடலாம் என்ற எண்ணத்தில் ஒருவரும் எழுந்துபோய்க் கால் நனைக்க முடியாமற் போனதுதான் இன்றைக்கும் எரிச்சலைத் தருகிறது. பத்து வீதச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தே பில் வந்தது.

வாடிவீடுகள் இருந்த காலத்தைப் பற்றி அப்பா சொல்லுவார். வெள்ளைக்காரர் ஆட்சியில் சுற்றுப்பயணம் செய்யும் உத்தியோகத்தர்கள் தங்குவதற்கென்று தொடங்கப்பட்ட அந்த வாடிவீடுகளில், பிற்காலத்தில்கூடப் பகற்சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் கோழியையே பிடிப்பார்களாம். சிரிப்புக்காகத்தான் அப்பா இதைச் சொன்னார். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது.

இந்த முறை நான் சனிக்கிழமை பின்னேரமே விடுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர் சமையலறையைப் பொறுப்பாக நடத்தும் அக்கா. எத்தனை பேர், உறைப்பு எப்படி, மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். "இப்ப இருட்டுக்காலம், நண்டு நல்லாயிருக்கும், எடுத்து வைக்கட்டா?" என்றார். நிலவுக்காலத்து நண்டில் சதை இராது என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் தீர்மானமான நம்பிக்கை, அதை அவரும் அறிந்து வைத்திருந்தார். இறுதியாக, "சாப்பாடு ஒண்டரைக்கு. அதுக்கு முந்திக் கேக்கப்படாது" என்று முடித்தார். விடுதியொன்றிடமிருந்து நான் கேட்ட மிகச் சிறந்த வாசகம் இதுதான்.

சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் போனோம். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும் வரையில் அந்த இடத்தில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் நிற்பவர் இருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்து பழகியவர் என்பதாலோ என்னவோ, எங்கள் கூட்டத்தில் கைத்தொலைபேசியைப் பார்க்காமல் ஒரு மணித்தியாலம் இருக்கத் தெரிந்தவர் சின்னம்மா மட்டும்தான்.

விறாந்தையில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். சமையலறை பின்னால் இருந்தது, தகரத் தடுப்புக்கு அப்பால் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சின்னம்மா காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் துருவும் சத்தம் நின்றதும், "பால் புழியிறாங்க" என்றார். சற்று நேரத்தில் ஒரு வாசம் வந்தது. "நண்டச் சட்டியில போட்டுட்டாங்க, மனே. இன்னும் முதற்பால் விடல்ல. முதற்பால் விட்டு, முருங்கையிலையைப் போட்டு இறக்கினாச் சரி." மணி ஒன்று பத்து. நான் வாவிக் கரை வரை நடந்துபோய், கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்று இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தேன். அப்படி எழுந்துபோய்வர முடிந்தது, ஒன்றரை என்றால் ஒன்றரை என்று தெரிந்திருந்ததால்தான்.

சாப்பாடு ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. அந்த ஐந்து நிமிடத்தை நான் மன்னித்துவிட்டேன், சின்னம்மா குறித்துக்கொண்டார். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை போட்ட நண்டுக்கறி, மாங்காய் போட்ட ஆற்றுமீன் ஆணம், கத்தரிக்காய்ப் பாற்கறி, வல்லாரைச் சம்பல், பொரித்த மோர்மிளகாய். அவ்வளவுதான். மெனு என்று ஒன்று கிடையாது, அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதுவே சாப்பாடு. நண்டின் காலை உடைத்துச் சதையை உறிஞ்சி எடுப்பதற்கு நேரம் வேண்டும், இரண்டு கையும் வேண்டும், யாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம் இல்லாமலும் இருக்க வேண்டும். பெரிய ஹோட்டல்களின் பஃபேயில், ஓடு நீக்கிய துண்டுகள் சூடாக்கும் தட்டத்தில் மணிக்கணக்காகக் கிடந்து காய்வதை நினைத்துக்கொண்டேன். அங்கே யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான், நமக்காகக் கறி காத்திருந்து கெட்டுப்போகிறது.

கடைசியில் எருமைத் தயிர் வந்தது. படுவான்கரைப் பட்டியிலிருந்து நேரே வந்த தயிராம், சட்டியைச் சரித்தாலும் அசையவில்லை. மிச்சச் சோற்றில் தயிரை விட்டு, வாழைப்பழத்தையும் சீனியையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். வெளியூர் நண்பர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு, பார்த்தவர்களில் ஒருவராவது இரண்டாம் முறை வேண்டாமென்று சொன்னதை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் விடுதிக்காரருக்கு மட்டும் பாடமாகச் சொல்லிவிட முடியாது. பத்துப் பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு நான்கு பேராகப் போவதும், ஒரு மணிக்குச் சொல்லிவைத்து மூன்று மணிக்கு இறங்குவதும், வராமலே விட்டுவிட்டு ஒரு வார்த்தைகூட அறிவிக்காமல் இருப்பதும் நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கங்கள். சொல்லிவைத்தவர்கள் வராத நாளில் அந்த நண்டுக்கறிச் சட்டியை என்ன செய்வது? இதற்குப் பயந்துதான் பல விடுதிக்காரர்கள் எதையும் முன்கூட்டிச் சமைக்காமல், ஆள் வந்து இருந்த பிறகு சந்தைக்கு மோட்டார் சைக்கிளை அனுப்புகிறார்கள் என்பது என் ஊகம். முற்பணமாகப் பாதியை வாங்கிவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவேன் என்று ஒரு விடுதி சொன்னால், அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாமல் கட்டிவிட வேண்டும் என்பேன். மச்சான் இதற்கு உடன்படமாட்டார்.

இரண்டே முக்காலுக்குச் சமையலறை ஓய்ந்துவிட்டது. ஒரே சாப்பாடு, ஒரே நேரம் என்பதால் அவர்களுக்கும் வேலை ஒரேயடியாக முடிந்திருந்தது. சமைத்த இரண்டு பெண்களும், பரிமாறிய தம்பியும், எங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரரும் மாமரத்தின் கீழ் வாங்கைப் போட்டுக்கொண்டு எங்களைப் போலவே ஆறுதலாகச் சாப்பிட்டார்கள். வழமையாக இப்படியான இடங்களில் வாகனமோட்டி எங்கோ பின்பக்கம் நின்றபடி சாப்பிட்டு முடிப்பார், பரிமாறுபவர் நான்கு மணிக்கு ஆறிய சோற்றில் கை வைப்பார். நாங்கள் மேசையை விட்டு எழும்பவில்லை, எழும்பச் சொல்லவும் யாரும் வரவில்லை. மூன்றரைக்குப் பிளேன்டீ தந்தார்கள்.

பில் ஒரு கொப்பித் தாளில் கையால் எழுதப்பட்டிருந்தது. அதைக் கொண்டுவந்த அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேரே சின்னம்மாவிடம் போனார்.

"உப்புப் புளி சரியா, அம்மா?"

"உப்புச் சரி. மீனாணத்துல புளி ஒரு பொட்டுக் கூட. மாங்காய் போட்டாப் புளி குறைக்கணும், மகள்."

"அடுத்த முறை குறைக்கிறன்" என்றார் அவர். அடுத்த இருட்டுக்காலத்து ஞாயிறு எப்போது வருகிறதென்று சின்னம்மா கலண்டரில் பார்த்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை பின்னேரத்துக்கு முந்தித் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று எனக்கு நேற்றும் ஞாபகப்படுத்தினார்.