‘எவ்வளவுக்குப் போச்சு?’

சிங்கப்பூரில் வீட்டை விற்றுவிட்டோம் என்று நம் ஆட்களிடம் சொன்னால் ‘ஏன்?’ என்று கேட்பவர்கள் குறைவு. ‘எவ்வளவுக்குப் போச்சு?’ என்பார்கள். தொகையைச் சொன்னதும் அவர்கள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். இவ்வளவு காசைப் பார்த்தும் இருக்க இடமில்லை என்றால், ஒன்று குடி, இல்லாவிட்டால் சூதாட்டம். அத்தோடு தீர்ப்பு முடிந்தது.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். அப்பா லாரி ஓட்டினார். குடிக்க மாட்டார், லாட்டரி நம்பர் எடுக்கிற பழக்கமும் கிடையாது. சித்தப்பா ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுகிறவனிடம், கடன் வாங்கிவிட்டு எங்கள் விலாசத்தைக் கொடுத்திருந்தார். கதவில் சிவப்புச் சாயம், மாடிப்படிச் சுவரில் எங்கள் வீட்டு எண். அதே நேரத்தில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, வீட்டுக் கடன் தவணை தவறியது. விற்றார்கள்.

விற்ற காசு எங்கே போனது என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றால் முதலில் மிச்சக் கடன் கழியும். அடுத்து, வீட்டுக்காக மத்திய சேமநிதியிலிருந்து (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) எடுத்த தொகை, அது அங்கேயே கிடந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியோடு, சேமநிதிக் கணக்குக்கே திரும்பிப் போகும். நம் காசுதான், வயதான காலத்துக்கு உதவும், சரி. ஆனால் அடுத்த மாதம் அறை வாடகை கேட்கிறவரிடம் சேமநிதி அறிக்கையை நீட்ட முடியாது. ரொக்கமாக வந்த கொஞ்சம் சித்தப்பா கடனுக்குப் போனது. (சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். கோயிலில் பார்த்தால் சிரிப்பார்.)

அரசாங்க வாடகை வீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஓரறை வீட்டு வாடகை, மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. உலகத்தில் வேறு எந்தப் பணக்கார நகரத்தில் இது நடக்கும்? ஆனால் சொந்த வீட்டை விற்றவர்கள் அதற்கு 30 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. லாபத்துக்கு விற்றுவிட்டு மலிவு வாடகைக்கு வரிசையில் நின்றால், நிஜமாகவே இல்லாதவனின் இடம் பறிபோகும். விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்பதும் தெரியும். இருந்தாலும் தொடக்கநிலை நான்கின் நடுவில் வீட்டை இழந்த ஒரு பிள்ளை, 30 மாதம் முடியும்போது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்திருக்கும். அந்த வயதில்தான் நானும் இருந்தேன்.

அறை தேடியதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ‘இந்தியர்கள் வேண்டாம்’, ‘சமையல் கூடாது’, ‘பிள்ளைகள் கூடாது’. மூன்றிலும் நாங்கள் அடிபட்டோம். அம்மா நல்ல மலாய் பேசுவார். போனில் ‘வந்து பாருங்கள்’ என்றவர்கள், வாசலில் எங்களைப் பார்த்ததும் ‘இப்பத்தான் வேற ஆளுக்குக் கொடுத்தோம்’ என்றார்கள்.

பிறகு சொந்தக்காரர்கள் வீட்டுக் கூடம். அத்தை சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் அடையாள அட்டையில் அவர் விலாசத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டபோது மாமா, ‘தப்பா நினைக்காதம்மா, நாளைக்கு அவனுங்க இங்கயும் வந்து சாயத்த ஊத்திட்டா?’ என்றார். அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அதனால் விற்றுப்போன வீட்டின் விலாசமே எங்கள் அட்டையில் கிடந்தது. கடிதங்களெல்லாம் அங்கே போயின. வேலைக்கு மனுச் செய்யும்போது அப்பா விலாசக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்.

நடுநடுவே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கூடாரம். தம்பிக்கு அது பிக்னிக். கூடாரம் போட அனுமதி எடுக்க வேண்டும், நினைத்தபடி தொடர்ந்து தங்க முடியாது. மடித்துக்கொண்டு நகர வேண்டும், பிறகு வர வேண்டும். சுனாமியோ பாம்போ எனக்குப் பயமில்லை. பள்ளிச் சீருடைதான் கவலை. பொதுக் குளியலறையில் அலசி மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் காயப்போட்டால், கடல்காற்றில் ஈரமும் போகாது, விறைப்பாகவும் ஆகிவிடும். கசங்கிய சீருடையைத்தான் ஆசிரியை முதலில் கவனித்தார். அவர் திட்டாமல் விசாரித்தது எங்கள் அதிர்ஷ்டம். பள்ளி ஆலோசகர், அவர் வழியாகக் குடும்பச் சேவை நிலையம், அங்கிருந்து இடைக்கால வாடகை வீடு என்று போனது.

இடைக்கால வாடகைத் திட்டம் 2009இல் வந்தது. ஒரு மூவறை வீட்டை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்களோடு இருந்தது ஒரு மலாய்க் குடும்பம். காலையில் கழிவறைக்குத் தினமும் சண்டை. மின்கட்டணத்துக்குச் சண்டை. ஆனால் நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த மக்சிக் (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை அந்த அடுப்பில் வைத்ததே இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

அந்த ஓர் அறைக்குள் வந்த பிறகுதான் எல்லாமே நகர்ந்தது. அப்பாவுக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, அம்மா பாலர்பள்ளிச் சமையலறைக்குப் போனார். கடிதம் எங்கள் பெயருக்கு வந்தது. அப்புறம் ஈரறை வாடகை வீடு, சில வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு மூவறை. முதலில் வேலை தேடு, கடனை அடை, ‘பொறுப்பு’ வந்த பிறகு வீடு பார்க்கலாம் என்று அறிவுரை சொன்ன எல்லாரும் வரிசையைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. பூட்ட ஒரு கதவு முதலில் வேண்டும்.

2022இல் தெருவில் உறங்குவோரை அரசாங்கம் கணக்கெடுத்தபோது 530 பேர். 2025இல் 496. குறைந்திருப்பது நல்லதுதான். ஆனால் தெருவில் படுப்பவர்களில் பெரும்பாலோர் தனியாக இருக்கும் வயதான ஆண்கள். அத்தை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தவர்கள் அந்த எண்ணுக்குள் வர மாட்டார்கள். லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் உறங்குவோரில் ஆய்வாளர்கள் பேசியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். சோம்பேறி என்று சொல்பவர்கள் இதைப் படிக்கலாம்.

வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு ‘ஃபிரெஷ் ஸ்டார்ட்’ திட்டம் 2016இல் வந்தது. அதன் மானியத்தை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 75,000 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். வரவேற்கிறேன். அதே பெருந்தன்மை தொடக்கத்திலும் வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, யார் தப்பு என்ற விசாரணை முடியும் முன்பே ஓர் அறை கிடைக்க வேண்டும். 30 மாத விதியை லாபம் பார்த்தவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் யாராவது இப்படித் தங்கியிருந்தால், ஆலோங் தொல்லை இல்லாதவரை உங்கள் விலாசத்தை அவர்கள் பயன்படுத்த விடுங்கள். சமூக சேவை அலுவலகத்துக்கு அவர்களோடு நீங்களும் போங்கள், காகிதம் நிறையக் கேட்பார்கள், ஆங்கிலப் படிவத்தைக் கண்டதும் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000.